எது அல்பினியின் மிக்ஸ்? ‘இன் யூடெரோ’ தட்டு ஒன்றால் வந்த தகராறு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தின் வட பகுதியில் ஒரு நகரம். தொண்ணூறுகளின் பங்க், ஆல்டர்நேட்டிவ் ராக் இசையில் ஊறிய எட்டுப் பேர் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடித் தட்டுகளைப் போட்டுக் கேட்பார்கள், பிறகு விவாதிப்பார்கள். எந்த இசைக்குழு எந்த ஆல்பத்தோடு சரிந்தது, எந்தப் பதிப்பை வாங்க வேண்டும், எதை வாங்கவே கூடாது என்பதுதான் பெரும்பாலும் பேச்சு. இந்த நிகழ்வில் நான்கு பேருக்குத்தான் முக்கியப் பங்கு. முதலாமவர், அமெரிக்க ராக் குழுவான நிர்வானாவின் ‘இன் யூடெரோ’ ஆல்பத்தை 1993 செப்டம்பரில் வந்த வாரமே வாங்கிய மூத்தவர். இரண்டாமவர், அந்த ஆல்பத்தின் இருபதாம் ஆண்டுப் பதிப்பு 2013இல் வந்தபின் கேட்கத் தொடங்கிய இளையவர். மூன்றாமவர் பழைய எல்பி தட்டுகளைச் சேகரிப்பவர். நான்காமவர் கச்சேரி அரங்குகளில் ஒலி அமைக்கும் சவுண்ட் இன்ஜினியர்.

தகராறைப் புரிந்துகொள்ள ஆல்பம் உருவான கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1993 பிப்ரவரியில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், கேனன் ஃபால்ஸ் அருகே உள்ள பேக்கிடெர்ம் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி இதைப் பதிவு செய்தார். செக்ஸ் பிஸ்டல்ஸின் சிட் விஷியஸுடைய இயற்பெயரை ஒட்டி, ‘சைமன் ரிச்சி குழு’ என்ற பெயரில் ஸ்டுடியோவை முன்பதிவு செய்திருந்தார்கள். டிரம்ஸைச் சுற்றி முப்பதுக்கும் மேற்பட்ட மைக்குகள் வைக்கப்பட்டன. பதிவும் மிக்ஸிங்கும் (தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலப்பது) சேர்த்து சுமார் இரண்டு வாரத்தில் முடிந்தன. அல்பினி ஒரே தொகையாக 1 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டார், விற்பனையில் பங்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். ஒரு தட்டு விற்க விற்கத் தனக்குப் பணம் வருவது நியாயமில்லை என்பது அவர் கடைசி வரை மாற்றாத கொள்கை. அந்தக் காலத்து ராக் வணிகத்தில் இதைச் சொல்லிச் செய்து காட்டியவர்கள் மிகச் சிலர். ரசிகர்கள் இன்றும் அவர் பக்கம் சாய்வதற்கு இது ஒரு காரணம், சாய்வதில் தவறும் இல்லை.

மிக்ஸ் முடிந்தபின் சிக்கல் வந்தது. பதிவு நிறுவனத்துக்கு ஆல்பம் பிடிக்கவில்லை என்ற செய்தி 1993 ஏப்ரலில் சிகாகோ ட்ரிப்யூனில் வந்து, மற்றப் பத்திரிகைகளுக்கும் பரவியது. இசைக்குழுவுக்கே குறை இருந்தது: பேஸும் குரலும் உள்ளே அமுங்கிக் கிடக்கின்றன என்று நினைத்தார்கள். அதனால் இரண்டு காரியங்கள் நடந்தன. மெய்ன் மாநிலத்தில் பாப் லட்விக் செய்த மாஸ்டரிங்கில் (அச்சுக்குப் போகும் ‘மாஸ்டரை’ உருவாக்க மிக்ஸுக்குச் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) பேஸைத் தெளிவாக்கி, குரலை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். ‘ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்’, ‘ஆல் அபாலஜீஸ்’ ஆகிய இரு பாடல்களை மட்டும் ஸ்காட் லிட் என்ற தயாரிப்பாளர் சியாட்டிலில் மறுபடி மிக்ஸ் செய்தார். கடையில் விற்ற 12 பாடல்களில் 10 அல்பினியின் மிக்ஸ், 2 லிட்டின் மிக்ஸ். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி நடந்தது எல்லாம் புரியும்.

தகராறு எப்படித் தொடங்கியது

சேகரிப்பவர் ஒரு எல்பி வாங்கிக்கொண்டு வந்தார். 2003இல் ஐரோப்பாவில் வெளியான 180 கிராம் பதிப்பு என்று சொல்லி, சாதாரண மறுபதிப்பின் விலையைப் போலப் பல மடங்குக்கு விற்கப்பட்டது அது. அந்த 2003 பதிப்புக்கு ஏன் மதிப்பு என்றால், அதில் மேற்சொன்ன இரு பாடல்களும் லிட்டின் மிக்ஸில் இல்லாமல் அல்பினியின் மூல மிக்ஸிலேயே இடம்பெற்றுவிட்டன. உறையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கேட்டவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

கூட்டத்தில் தட்டைப் போட்டதும் மூன்று தரப்பு உருவானது. மூத்தவர், 1993இல் விற்றது முழுக்க நிறுவனம் கெடுத்த வடிவம், 12 பாடல்களும் மறுமிக்ஸ் செய்யப்பட்டவை, உண்மையான ஆல்பம் இந்தத் தட்டில்தான் இருக்கிறது என்றார். இளையவர் அதை மறுத்தார். அல்பினியின் ‘தொலைந்த மிக்ஸ்’ 2013 பதிப்பில் முழுதாக வந்துவிட்டது, அதைத்தான் தான் பல ஆண்டுகளாகக் கேட்பதாகவும், இந்தத் தட்டு அப்படி ஒலிக்கவில்லை என்றும் சொன்னார். சேகரிப்பவர் தன் கணினியில் அளந்த டைனமிக் ரேஞ்ச் (ஒலியின் உச்சிக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளி) எண்களைக் காட்டினார். சிடியைவிட எல்பிக்கு 3 புள்ளி கூடுதல். ஆகவே இது வேறு மாஸ்டர், வேறு மிக்ஸ் என்பது அவர் வாதம்.

இந்தப் பேச்சை நம்பிக் குழுவில் இன்னும் இருவர் அதே விற்பனையாளரிடம் அதே தட்டுக்கு முன்பணம் கட்டத் தயாரானார்கள். அதுவரை ரசனைச் சண்டையாக இருந்தது அங்கேதான் பணச் சிக்கலாக மாறியது. சவுண்ட் இன்ஜினியர் தலையிட்டு, தட்டில் இருப்பது எந்த மிக்ஸ் என்று தெரியும்வரை யாரும் பணம் கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

முதல் ஒப்பீடும் தலைகீழான முடிவும்

அதே மாலையில் அவசரமாக ஒரு ஒப்பீடு நடந்தது. குழுவில் ஒருவரிடம் அமெரிக்காவிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்த ‘இன் யூடெரோ’ சிடி இருந்தது. அதை ஒரு பிளேயரிலும் எல்பியை டர்ன்டேபிளிலும் ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் பொத்தானைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள்.

‘பென்னிராயல் டீ’ பாடலில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. சிடியில் குரல் முன்னால் வந்து மெருகோடு நிற்கிறது, எல்பியில் குரல் வாத்தியங்களுக்கு நடுவே நிற்கிறது. டிரம்ஸ் ஒலிக்கும் அறையின் அளவே வேறாகக் கேட்கிறது. ‘ஆல் அபாலஜீஸ்’ பாடலிலும் எல்பி கரடுமுரடாக ஒலித்தது. கேட்ட எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்: எல்பியில் இருப்பது அல்பினி மிக்ஸ். ‘ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்’ பாடலில் பெரிய வித்தியாசம் இல்லையே என்று இளையவர் கேட்டபோது, அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டார்கள். அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் சரியானது அது ஒன்றுதான்.

இந்த ஒப்பீட்டில் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

ஒலி மட்டம் சமமாக இல்லை. இரண்டு ஒலிகளில் ஒன்று அரை டெசிபல், ஒரு டெசிபல் கூடினால் காது அதைச் ‘சத்தம் அதிகம்’ என்று எடுத்துக்கொள்ளாது. ‘பேஸ் நிறைவாக இருக்கிறது’, ‘தெளிவாக இருக்கிறது’ என்றே எடுத்துக்கொள்ளும். எல்பியின் மட்டம் ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜையும் அதன் சிறு ஒலியைப் பெருக்கும் போனோ ப்ரீஆம்பையும் பொறுத்து மாறும். பொத்தானைத் திருப்பிக் கேட்பதில் இந்த வித்தியாசம் எப்போதும் ஒளிந்திருக்கும்.

‘ஆல் அபாலஜீஸ்’ எல்பியின் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாடல். அதாவது லேபிளுக்கு மிக அருகில் உள்ள பள்ளம். 33⅓ வேகத்தில் சுற்றும் 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசியின் கீழ் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடும். உள் விளிம்பில் அது சுமார் 21 செ.மீ. ஆகக் குறைந்துவிடும். அதே உயர் அதிர்வெண்ணைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்ட வேண்டியிருப்பதால், ‘ஸ’கர ஒலிகள் சிதறும், சிம்பல் கரகரக்கும். காட்ரிட்ஜ் கோணம் கொஞ்சம் பிசகியிருந்தால் இன்னும் மோசம். அன்று கேட்ட கரடுமுரடில் பெரும்பகுதி இதுதான், மிக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது பிழை எல்லாவற்றையும்விடப் பெரியது. ஒப்பிட எடுத்த சிடி எது என்று யாரும் பார்க்கவில்லை.

சான்றுகளைத் திரட்டியது

அடுத்த கூட்டத்துக்குள் சவுண்ட் இன்ஜினியர் ஒரு முறையை வகுத்தார். முதலில், கையில் உள்ள ஒவ்வொரு பதிப்பிலும் எந்தப் பாடல் யாருடைய மிக்ஸ் என்று ஒரு அட்டவணை போட்டார். அதிலேயே பாதித் தகராறு தீர்ந்தது.

1993 ஆல்பத்தின் கணக்கு மேலே சொன்னதுதான்: பத்தும் இரண்டும். 2013இன் இரண்டு சிடி டீலக்ஸ் பதிப்பில், முதல் சிடியில் அதே 1993 ஆல்பத்தின் ரீமாஸ்டர் (அதே மிக்ஸ், புது மாஸ்டரிங்) இருக்கிறது. அதன் பின்னால் கூடுதல் பாடல்களாக ‘ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்’, ‘ஆல் அபாலஜீஸ்’ இரண்டின் 1993 அல்பினி மூல மிக்ஸும், ‘பென்னிராயல் டீ’ பாடலின் ஸ்காட் லிட் மிக்ஸும் வருகின்றன. இரண்டாவது சிடியில் ‘2013 மிக்ஸ்’ என்று ஆல்பம் முழுதும் இருக்கிறது. இது அல்பினி இருபது ஆண்டுகள் கழித்துப் பழைய பல தட டேப்பிலிருந்து புதிதாகச் செய்தது. இளையவர் இதைத்தான் 1993இன் ‘தொலைந்த மிக்ஸ்’ என்று நினைத்து வந்திருக்கிறார். ஸ்ட்ரீமிங்கில் எல்லாமே ஒரே ஆல்பத்தின் கீழ் நீண்ட பட்டியலாக வருவதால் இந்தக் குழப்பம் மிக எளிதாக நேரும். அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து, பொருள்களை அடையாளம் காண்பது. சிடியின் நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி வளையத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்கள். தொழிற்சாலையைக் குறிக்கும் ஐஎஃப்பிஐ குறியீடுகள் 1994இல்தான் நடைமுறைக்கு வந்தன. அதனால் அந்தக் குறி இருக்கும் சிடி 1993இல் அச்சான முதல் பதிப்பாக இருக்க முடியாது. குழுவில் ஒருவர் ‘முதல் பதிப்பு’ என்று வைத்திருந்த சிடி இந்த ஒரு பார்வையிலேயே விலகிவிட்டது. எல்பியில் பார்க்க வேண்டிய இடம் கடைசிப் பாடலுக்கும் லேபிளுக்கும் இடையே உள்ள வெற்று வளையம். அங்கே பொறித்திருக்கும் எண்களை இரு பக்கமும் படம் எடுத்தார்கள். உறையும் லேபிளும் மறுபதிப்புகளில் அப்படியே திரும்ப வரும், அந்தப் பொறிப்பு மட்டும் எந்த மாஸ்டரிலிருந்து வெட்டினார்கள் என்று காட்டும். சேகரிப்பவரின் தட்டில் இருந்த பொறிப்பு, 2003 பதிப்பு என்று சேகரிப்பாளர்கள் படத்தோடு பதிந்து வைத்திருக்கும் எதனோடும் ஒத்துப்போகவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொறிப்பு ஒத்துப்போகவில்லை என்பது ‘இதுவரை யாரும் பதியாத வகை’ என்றும் வாதிக்க இடம் கொடுக்கும், சேகரிப்பவர் அப்படித்தான் வாதித்தார். எனவே ஒலியையே சான்றாக எடுப்பது என்று முடிவானது.

எல்பியைக் கணினிக்கு மாற்றியது இப்படி. தட்டை ஈரத்தில் கழுவி, முழுவதும் உலரவைத்து, ஊசியைத் துடைத்தபின் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தார்கள். மிக உயர்ந்த உச்சி முழு அளவுக்கு 6 டெசிபல் கீழே நிற்கும்படி மட்டம் வைத்தார்கள். கிளிக் நீக்கும் மென்பொருள் எதையும் தொடவில்லை, அது டிரம்ஸின் முனைகளையும் சேர்த்து மழுக்கிவிடும். சிடிகளை எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளில், பிழை பார்த்துப் படிக்கும் செக்யூர் முறையில் எடுத்து, ஒவ்வொரு பாடலின் உச்ச மட்டத்தையும் குறித்துக்கொண்டார்கள். இரண்டு சிடிகளில் எல்லாப் பாடல்களின் உச்ச மட்டமும் கடைசி இலக்கம் வரை ஒன்றானால் அவை ஒரே மாஸ்டர் என்று பெரும்பாலும் நம்பலாம்.

பிறகு ஆடாசிட்டி என்ற மென்பொருளில் இரண்டு தடமாக வைத்துத் தொடக்கத்தை ஒன்றாக்கினார்கள். பாடலின் முடிவில் எல்பி ஒரு நொடிக்கும் மேல் முந்திவிட்டது. இது மிக்ஸ் வித்தியாசம் இல்லை, டர்ன்டேபிளின் வேகம். 4 நிமிடம் 40 நொடி ஓடும் ஒரு பாடலில் வேகம் 0.5 விழுக்காடு கூடினாலே 1.4 நொடி போய்விடும். சுருதியும் அதற்கேற்பக் கொஞ்சம் ஏறும், ஏறினால் பாட்டு ‘உயிரோட்டமாக’ இருப்பதாகத் தோன்றும். முந்தைய கூட்டத்தில் எல்பியை அப்படிப் புகழ்ந்தவர்கள் இருவர். வேகத்தைச் சரிசெய்து, சராசரி உரப்பை எல்யுஎஃப்எஸ் அளவில் 0.2 டெசிபலுக்குள் சமமாக்கிய பிறகே கேட்கத் தொடங்கினார்கள்.

முடிச்சு அவிழ்ந்த இடம்

சோதனைப் பாடலாக ‘ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்’ எடுத்தது சரியான தேர்வு. அது முதல் பக்கத்தின் மூன்றாவது பாடல் என்பதால் உட்பள்ளத்தின் சிதைவு இல்லை. இரண்டு மிக்ஸுக்கும் அதில் தெளிவான அடையாளமும் உண்டு. அல்பினியின் மூல மிக்ஸில் கிட்டார் சோலோமேல் ஒரு கனமான எஃபெக்ட் ஏறியிருக்கும், ஒலி நடுங்கிக் குழைந்து வரும். பேஸ் வாசித்த கிறிஸ்ட் நோவோசெலிக்குக்கு அது அறவே பிடிக்கவில்லை, இந்தப் பாடல் மறுமிக்ஸுக்குப் போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம். லிட்டின் மிக்ஸில் அந்த எஃபெக்ட் கிடையாது. அந்த அமர்வில் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் அகூஸ்டிக் கிட்டாரும் துணைக் குரலும் புதிதாகச் சேர்த்தார். ஆகவே சோலோவைக் கேட்டால் போதும், காதுக்குப் பயிற்சியே தேவையில்லை.

2013 டீலக்ஸ் சிடியில் உள்ள மூல மிக்ஸை முதலில் ஓடவிட்டார்கள். சோலோ நடுங்கியது. பிறகு எல்பி. நடுங்கவில்லை. சுத்தமான, வானொலியில் எல்லோரும் கேட்டுப் பழகிய சோலோ. பல மடங்கு விலை கொடுத்த தட்டில் இருந்தது, கடையில் எங்கும் கிடைக்கும் லிட் மிக்ஸ்.

அப்படியானால் ‘பென்னிராயல் டீ’ பாடலில் எல்லோரும் கேட்ட வித்தியாசம் என்ன? அது கற்பனை இல்லை, மட்டத்தைச் சமமாக்கிய பின்னும் அப்படியே இருந்தது. சந்தேகம் இப்போது சிடி பக்கம் திரும்பியது. அமெரிக்க சிடியின் ‘பென்னிராயல் டீ’யையும் டீலக்ஸ் பதிப்பில் ‘ஸ்காட் லிட் மிக்ஸ்’ என்று குறிக்கப்பட்ட அதே பாடலையும் அடுத்தடுத்துக் கேட்டார்கள். ஒரே மிக்ஸ். 2002இல் வந்த நிர்வானா தொகுப்பு ஆல்பத்தில் இருப்பதும் அதுதான், அதனோடும் பொருந்தியது.

இதற்கு விளக்கம் வரலாற்றில் இருக்கிறது. ‘இன் யூடெரோ’வின் பின்னட்டைப் படமும் ‘ரேப் மீ’ என்ற பாடல் பெயரும் காரணமாக வால்மார்ட், கேமார்ட் போன்ற பெரிய சங்கிலிக் கடைகள் ஆல்பத்தை விற்க மறுத்தன. சின்ன ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் கடைகளை விட்டால் தட்டு வாங்க வேறு இடம் கிடையாது என்பது கோபேனுக்குத் தெரியும், அவரே அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவர். அதனால் 1994இல் அந்தக் கடைகளுக்கென்று ஒரு பதிப்பு வந்தது. பின்னட்டைப் படம் மாறியது, ‘ரேப் மீ’ அட்டையில் ‘வெய்ஃப் மீ’ ஆனது. லிட் 1993 நவம்பரில் மறுமிக்ஸ் செய்த ‘பென்னிராயல் டீ’யும் அதில்தான் சேர்ந்தது. குழுவில் இருந்த சிடி அந்தப் பதிப்பு. உடைந்த பெட்டியை மாற்றும்போது பின்னட்டை கழன்று போயிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. உரிமையாளர் வீட்டில் தேடி எடுத்து வந்தார். நான்காவது வரியில் ‘வெய்ஃப் மீ’ என்று அச்சாகியிருந்தது.

ஆக, முதல் மாலையில் கிடைத்த ‘சான்று’ முழுக்கத் தலைகீழ். எல்பியில் இருந்த ‘பென்னிராயல் டீ’ 1993 ஆல்பத்தில் உள்ள சாதாரண அல்பினி மிக்ஸ். விசித்திரமானது சிடிதான். ஒப்பீட்டுக்கு ஆதாரமாக வைத்த பொருளையே சோதிக்காமல், சோதிக்கப்படும் பொருளில் வித்தியாசத்தைத் தேடியிருக்கிறார்கள்.

டைனமிக் ரேஞ்ச் எண்களும் இதே கூட்டத்தில் விழுந்தன. ஒரே டிஜிட்டல் மாஸ்டரை எல்பியில் வெட்டித் திரும்பப் பதிவு செய்தாலே அந்த மென்பொருள் 2 முதல் 4 புள்ளி வரை கூடுதலாகக் காட்டுவது உண்டு. வெட்டும்போதும் ஓட்டும்போதும் அலையின் கட்டம் நகர்கிறது, தாழ்ந்த அதிர்வுகள் சேர்கின்றன. உச்சிகள் உயர்கின்றன, சராசரி அப்படியே நிற்கிறது. மென்பொருள் அளப்பது இந்த இரண்டின் இடைவெளியை. ஆகவே சிடிக்கும் சிடிக்கும் இடையே அந்த எண் பயன்படும், எல்பிக்கும் சிடிக்கும் இடையே அதை வைத்து மாஸ்டர் வேறு என்று சொல்ல வழியில்லை. இந்த எண்ணைக் காட்டித் தட்டு விற்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்மூடிக் கேட்டது

தட்டு விவகாரம் முடிந்தாலும் மூத்தவரும் இளையவரும் ஓயவில்லை. 1993 சிடியும் 2013 ரீமாஸ்டரும் கேட்ட மாத்திரத்தில் வேறு என்பது மூத்தவர் நிலை. சரி, கேட்டுப் பார்த்துவிடலாம் என்று ஐந்து பேர் ஒப்புக்கொண்டார்கள். ஃபூபார்2000 மென்பொருளில் ஏபிஎக்ஸ் முறை: ஏ, பி இரண்டும் தெரியும், எக்ஸ் அவற்றில் எது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் 16 முறை. 12 சரியாக வந்தால் அது தற்செயலாக நேர 4 விழுக்காட்டுக்கும் குறைவான வாய்ப்பு என்பதால் 12ஐக் கோடாக வைத்தார்கள்.

எல்பியை இந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. பாட்டு தொடங்கும் முன்பே ஊசி உராயும் சத்தம் அது எல்பி என்று காட்டிக்கொடுத்துவிடும், பிறகு மறைப்பதில் அர்த்தம் இல்லை.

அல்பினி மூல மிக்ஸ், லிட் மிக்ஸ் இரண்டையும் எல்லோரும் தடுமாறாமல் பிரித்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஒரே மிக்ஸின் 1993, 2013 மாஸ்டர்களை மட்டம் சமமாக்கி வைத்தபோது நால்வர் கோட்டைத் தொடவில்லை, ஒருவர் தாண்டினார். ஐந்து பேர் செய்யும் சோதனையில் யாராவது ஒருவர் அதிர்ஷ்டத்தில் தாண்ட ஏறக்குறைய 18 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அதனால் அவரை மட்டும் இன்னொரு நாள் திரும்பச் செய்யச் சொன்னார்கள். இரண்டாம் முறை அவரும் கோட்டுக்குக் கீழே. இதைக் கொண்டு இரண்டு மாஸ்டருக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த அறையில், அந்த ஸ்பீக்கரில், அந்த ஐந்து பேருக்குப் பிடிபடவில்லை. ஆனால் ‘கேட்ட மாத்திரத்தில்’ என்ற பேச்சு அதோடு நின்றது.

சோதனைக்குப் பிறகு பெயர் சொல்லாமல் இரண்டு மிக்ஸையும் ஓடவிட்டு எது பிடித்தது என்று கேட்டார்கள். நிறுவனம் ஆல்பத்தைக் கெடுத்துவிட்டது என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த மூத்தவர் ‘ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்’ பாடலில் லிட்டின் மிக்ஸைத் தேர்ந்தார். ‘ஆல் அபாலஜீஸ்’ பாடலில் அல்பினியை. இளையவர் இரண்டிலும் அல்பினியை. இதில் யாரும் தோற்கவில்லை. 1993இலேயே இசைக்குழுவுக்குள் இந்தக் கருத்து வேறுபாடு இருந்தது. மறுமிக்ஸ் கேட்டது அவர்கள்தான், பதிவு நிறுவனம் தனியாகத் திணித்தது இல்லை. அல்பினி முதலில் மறுத்து, நோவோசெலிக் பேசிய பிறகு விட்டுக்கொடுத்தார். ‘நல்லவர்கள், கெட்டவர்கள்’ என்று பிரித்து இந்த ஆல்பத்தைப் பேசுவதால் இழப்பு ரசிகர்களுக்குத்தான்: கெடுக்கப்பட்டது என்று நம்பிக் கேட்டால், பத்துப் பாடல்களில் அல்பினி பிடித்துவைத்த அந்த அறையின் ஒலியையும் காது தவறவிடும்.

எடுத்த முடிவுகளும் விளைவும்

சேகரிப்பவர் விற்பனையாளருக்கு எழுதும்போது மோசடி என்ற வார்த்தையைப் பயன்படுத்த வேண்டாம் என்று குழு கேட்டுக்கொண்டது. விற்றவர் தெரிந்து செய்தார் என்பதற்குச் சான்று இல்லை. உறை ஒன்றுபோல இருப்பதால் அவரே நம்பியிருக்கலாம். பொறிப்புகளின் படம் இரண்டு, சோலோ பகுதியின் 20 நொடி ஒலிப்பதிவு, மூல மிக்ஸில் அதே 20 நொடி, இவற்றை மட்டும் இணைத்து ‘விவரித்தபடி இல்லை’ என்று எழுதினார். விற்பனையாளர் சோலோவைத் தன்னிடமிருந்த இன்னொரு பிரதியிலும் கேட்டுப் பார்த்து, பணத்தைத் திருப்பித் தந்தார், மற்றப் பிரதிகளின் விளம்பரத்தையும் திருத்தினார். முன்பணம் கட்டத் தயாராக இருந்த இருவரும் தப்பித்தார்கள்.

வால்மார்ட் சிடியின் உரிமையாளர் அதைப் பின்னட்டையோடு சேர்த்துப் புதுப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். குழுவின் சேகரிப்பில் உண்மையிலேயே அபூர்வமானது அதுதான் என்று தெரிந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அடுத்த முறை மாற வேண்டியவை

முதலாவதும் முக்கியமானதும், வரிசை. குழு கேட்பதில் தொடங்கி, அளப்பதற்குப் போய், அடையாளம் காண்பதில் முடித்தது. தலைகீழாகச் செய்திருந்தால் ஒரே மாலையில் முடிந்திருக்கும். இப்போது அவர்கள் வழக்கம் இது: ஒப்பிடும் ஒவ்வொரு பொருளின் அட்டை எண், பொறிப்பு, குறியீடு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மேசையில் வைக்காமல் ஊசியை இறக்குவதில்லை. ஆதாரமாக வைக்கும் பிரதிக்கும் இதே விதி.

இரண்டாவது, ஆதாரப் பிரதியை அதிகாரபூர்வமாகப் பெயரிட்ட வெளியீட்டிலிருந்து எடுப்பது. இந்த ஆல்பத்துக்கு 2013 டீலக்ஸ் ஒன்றே போதும். சர்ச்சைக்குரிய மூன்று மிக்ஸும் அதில் பெயரோடு இருக்கின்றன, விலையும் அந்த எல்பியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. மேசைமேல் அது முதல் நாளே இருந்திருக்க வேண்டும்.

வாங்கும்போது விற்பவரிடம் இரண்டைக் கேட்கலாம். இரு பக்கத்துப் பொறிப்பின் படம் ஒன்று. இரண்டாவது, ‘ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்’ சோலோவை ஊசி ஓடும்போது கைபேசியில் பிடித்த 20 நொடி. நடுங்கும் சோலோவைக் கைபேசியின் மைக்கும் பிடித்துவிடும், அதற்கு உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். உறையின் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்துப் பணம் கட்டக் கூடாது.

கண்மூடிச் சோதனையை ஐந்து பேரும் ஒரே நாளில், இரவு பதினொரு மணிக்கு மேல் செய்து முடித்தது சரியில்லை. 16 முறை கவனித்துக் கேட்பது களைப்பான வேலை. எட்டு எட்டாகப் பிரித்து இரண்டு நாளில் செய்வது என்றும், எத்தனை முறை என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது என்றும் தீர்மானித்திருக்கிறார்கள். பாதியில் நல்ல எண் வந்ததும் நிறுத்திக்கொண்டால் சோதனைக்கே பொருள் இல்லை.

சேகரிப்பவர் 2003 தட்டை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் பி.ஜே. ஹார்வியின் ‘ரிட் ஆஃப் மீ’ பக்கம் போய்விட்டார்கள். அதே பேக்கிடெர்ம் ஸ்டுடியோவில், நிர்வானாவுக்குச் சில வாரங்கள் முன்பு, அதே அல்பினி பதிவு செய்தது. அந்த அறை எப்படி ஒலிக்கும் என்று காட்ட அவர் நிர்வானாவுக்கு அனுப்பிவைத்த ஆல்பமும் அதுதான். அதிலும் குரல் உள்ளே அமுங்கிக் கிடக்கிறதா, இல்லை அங்கேதான் இருக்க வேண்டுமா என்று புதுத் தகராறு தொடங்கியிருக்கிறது, இந்த முறை பொறிப்புத் தாள் முதலில் மேசைக்கு வந்துவிட்டது.